விகாரம் வந்தா புரதம் பழுதாகும் எண்டா புதுப் புரதம் எங்கயிருந்து வருது?

உப்புவெளி_பயோ:
வணக்கம், நான் திருமலை, ஏஎல் (உயர்தரம்) பயோ, இது செக்கன்ட் ஷை, ரெண்டாந்தரம் எழுதிறன். ரியூசன்ல விகாரம், அதாவது ஜீனில வாற மாற்றம், படிப்பிக்கேக்க சேர் சொன்னார், ஈமோகுளோபின் பீட்டா சங்கிலியில ஆறாவது இடத்தில குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலா வலீன் வந்தாலே சிக்கிள் செல் வருத்தம் வருது எண்டு. சரி, அப்ப புது வேலை செய்யிற புரதம் எப்பிடித்தான் வந்தது? அமினோ அமிலம் 20 வகை, அப்ப 100 அமினோ அமிலம் உள்ள சின்னப் புரதத்துக்கே 20இன்ர 100ஆம் அடுக்கு வழி இருக்கு, அதாவது 1க்குப் பின்னால 130 பூச்சியம், அதுக்குள்ள சரியானதைத் தற்செயலாப் பிடிக்கிறது நடக்கிற காரியமா? கேட்டா சிலபஸ்ல இல்ல விடு எண்டுறார்.

கொட்டியாரக்குடா:
தம்பியோ தங்கச்சியோ தெரியேல்ல, உங்கட கணக்குச் சரி, ஆனா பூச்சியத்தில இருந்து ஆரும் தொடங்கிறேல்ல. ஏற்கனவே ஒழுங்கா வேலை செய்யிற ஜீன் ஒண்டு டிஎன்ஏ கொப்பியாகேக்க தவறி ரெண்டாயிரும், ஒண்டு பழைய வேலையைப் பாத்துக்கொண்டிருக்கும், மற்றதில விகாரம் வந்தாலும் ஆள் சாகாது, அதுதான் மாறிப் பாக்கிறதுக்கு அதுக்குக் கிடைக்கிற இடம். சுசுமு ஓனோ எண்டவர் 1970ல இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினவர். அனேகமான கொப்பி கெட்டுப்போய்ச் சும்மா கிடக்கும், அதையும் சொல்லோணும். நீங்க சொன்ன ஈமோகுளோபினையே பாருங்கோ, அல்பாவில 141 அமினோ அமிலம், பீட்டாவில 146, ரெண்டும் ஒரே மூதாதை ஜீனில இருந்து பிரிஞ்சது. கருவில இருக்கேக்க பீட்டாவுக்குப் பதிலா காமா எண்டு இன்னொரு கொப்பி வேலை செய்யும், அது ஒட்சிசனை இறுக்கிப் பிடிக்கிறதாலதான் பிள்ளையால தாயின்ர ரத்தத்தில இருந்து எடுக்க முடியுது.

தாராக்கண்:
கொப்பிதான் முதல்ல வரோணும் எண்டு சொல்லிப்போட்டு விட்டா அது அரைக்கதை. தாராவின்ர (வாத்து) கண்வில்லையில நிறைய இருக்கிற எப்சிலன் கிறிஸ்டலின் எண்ட புரதம் வேற ஒண்டுமில்ல, லக்டேட் டிஹைட்ரோஜினேஸ் நொதியமேதான், உங்கட சுவாசப் பாடத்தில லக்டிக் அமிலத்தோட வாற அதே ஆள்! 1987ல கண்டுபிடிச்சது. ஜீன் ஒண்டுதான், மற்றக் கலங்களில நொதிய வேலை, வில்லையில ஒளியை வளைக்கிற வேலை. புரதத்தில ஒரு மாற்றமும் தேவைப்படேல்ல, எந்தக் கலத்தில எவ்வளவு செய்யிறது எண்டது மாறினாலே காணும். பக்கவேலை முதல்ல வரும், கொப்பி பிறகு வந்து பிரிச்சுக் குடுக்கும், அல்லது வராமலே போகும்.

உப்புவெளி_பயோ:
அக்கா / அண்ணா ரெண்டு பேருக்கும் நன்றி. அப்ப ரெண்டு வேற வேற புரதம் சேந்து புதுசு வாறதும் நடக்குமா?

லாப்கோட்:
நடக்கும் தம்பி, நான் ஆஸ்பத்திரி லாப்ல வேலை. அறுவடை நேரம் தம்பலகாமப் பக்கம் வயலில புடையன் (கண்ணாடி விரியன்) கடிச்சு ஆக்கள் வருவினம், உடன ரத்தத்தை எடுத்துக் கண்ணாடிக் குழாய்க்குள்ள விட்டு 20 நிமிசம் அசைக்காம வைச்சு சரிச்சுப் பாக்கிறது. உறையேல்ல எண்டா நஞ்சு ஏறிட்டுது. உண்மையில அந்த நஞ்சு ரத்தத்தை உறையப்பண்ணுற நஞ்சு, ரத்தம் உறைய வேணுமான புரதங்களில ஒண்டான எங்கட பத்தாம் உறைதல் காரணியைத் தட்டியெழுப்பி விடும், காரணியெல்லாம் கண்டபடி செலவழிஞ்சு முடிய, பிறகு உறையிறதுக்கு ஒண்டும் மிஞ்சாது.

இப்ப கேள்விக்கு வாறன். அதைச் செய்யிற நஞ்சுப் புரதத்தில மூண்டு சங்கிலி இருக்கு. பெரிய சங்கிலி உலோகம் வைச்சு வெட்டுற நொதியக் குடும்பம், அதின்ர சொந்தக்காரர் எங்கட உடம்பிலயும் இருக்கினம். சின்னது ரெண்டும் லெக்டின் எண்ட வேற குடும்பம், அந்தக் குடும்பத்துக்கு ஆதியில சீனி பிடிக்கிற வேலை. இதுகள் கந்தகப் பிணைப்பால ஒட்டினதாலதான் ஆள் சரியாப் போய்ப் பத்தாம் காரணியில பிடிக்குது. அந்தக் காரணியும் ஒட்டுவேலைதான்: கல்சியம் பிடிக்கிற துண்டு, ஈஜிஎஃப் எண்ட வளர்ச்சிக் காரணி மாதிரித் துண்டு ரெண்டு, கடைசியில புரதம் சமிக்கிற திரிப்சின் நொதியத்தின்ர சாதியில ஒரு வெட்டுற துண்டு. ஏழாம், ஒன்பதாம் காரணியிலயும் இதே வரிசை. லாண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) எஞ்சினைக் கழட்டித் தண்ணி பம்புக்குப் பூட்டுற மாதிரி, துண்டுக்குள்ள கை வைக்கிறேல்ல, பூட்டுற இடம்தான் மாறுது. ஜீன் எக்ஸான் எக்ஸானா (புரதத்துக்கான குறிப்பு உள்ள பகுதிகள்) துண்டு பட்டுக் கிடக்கிறது இதுக்கு வசதி எண்டு வோல்டர் கில்பர்ட் 1978லயே எழுதினவர்.

கொட்டியாரக்குடா:
லாப்கோட் சொன்னதுக்கு மேல ஒண்டு. முட்டை வெள்ளைக்கருவிலயும் கண்ணீரிலயும் இருக்கிற லைசோசைம் பக்ரீரியாச் சுவரை உடைக்கிறது. அதின்ர பழைய கொப்பி ஒண்டு மாறி அல்பா லக்டல்புமின் ஆச்சு, அது தனிய ஒண்டையும் உடைக்காது. பால்சுரப்பியில இன்னொரு நொதியத்தோட ஒட்டேக்கதான் அந்த நொதியம் குளுக்கோசைப் பிடிச்சு லக்டோஸ் செய்யும். மூதூர்த் தயிரின்ர புளிப்பே அந்த லக்டோசைப் பக்ரீரியா திண்டதாலதான்.

தாராக்கண்:
@லாப்கோட் அப்ப நாகத்தின்ர நஞ்சும் இதே வழியில வந்ததோ?

லாப்கோட்:
இல்ல. நாகம், புடையன் ரெண்டின்ர நஞ்சிலயும் பொஸ்போலிப்பேஸ் ஏ2 எண்ட கொழுப்பு வெட்டுற நொதியம் இருக்கு, ஆனா நாகத்தின்ரது சதையியில கொழுப்புச் சமிக்கிற நொதியத்தோட சொந்தம், புடையன்ரது அழற்சி நேரம் மூட்டில சுரக்கிறதோட சொந்தம், ரெண்டும் தனித்தனியாத்தான் நஞ்சுக்கு வந்து சேந்தது. டியூட்டி நேரம், மிச்சம் இரவைக்கு எழுதிறன்.