மிக்ஸியை ஏற்றவா வேண்டாமா? வியாழக்கிழமை விமானம்!

வீரவநல்லூரான்: வணக்கம். வெளிநாடு வந்து மூன்று வாரம் ஆகிறது. ஊரில் வீட்டுக்காரி மூட்டை கட்டுகிறாள். மிக்ஸி, குக்கர், பத்தமடைப் பாய், கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்று அடுக்கி வைத்திருக்கிறாள். எது அவசியம், எது ஆசை என்று போனில் தினமும் சண்டை. இங்கே நான் முதலில் கட்டில் வாங்கவா, சோபாவா? கையில் காசு குறைவு.

தென்காசி அக்கா: எந்த நாடு தம்பி? பிள்ளை உண்டா?

அம்பை அண்ணாச்சி: சோபாவா! நான் 1996-இல் டொராண்டோ வந்தேன். பாட்டு கேட்காமல் இருக்க முடியாது என்று முதல் சம்பளத்தில் டேப் ரிக்கார்டர் வாங்கினேன். கோட்டு ஆடம்பரம் என்று விட்டுவிட்டேன். ஜனவரியில் பஸ்ஸுக்கு நின்று காது மரத்துப்போனது. நாற்பது வயதில், நாலு படுக்கையறை இல்லாமல் முடியாது என்று கடன் வாங்கி வீடு கட்டினேன். பிள்ளைகள் போய்விட்டார்கள், மூன்று அறை பூட்டிக் கிடக்கிறது. இப்போது எனக்கு அவசியம் என்றால் குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. அவ்வளவுதான்.

பாளை மாப்பிள்ளை: அண்ணாச்சி, அவர் கேட்டது மிக்ஸி.

தென்காசி அக்கா: பாயில் படுத்தோம், கையால் அரைத்தோம் என்று ஆண்கள் சொல்வார்கள். அரைத்தது யார்? பேஸ்மென்ட் வீட்டில் நாளெல்லாம் தனியாக இருப்பவளுக்கு மிக்ஸி ஆசை இல்லை. பஸ் அட்டையும் போன் டேட்டாவும் கூட ஆசை இல்லை. ஆறு மாதம் அது புரியாமல் இருந்த என் கணவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடையம்: முருங்கைக்காய் விலையைப் பார்த்தீர்களா இங்கே? ஊரில் வேலியோரம் காய்ந்து விழும்.

பாளை மாப்பிள்ளை: அல்வா என்ற பெயரில் விற்பதைச் சொல்லுங்கள். ரப்பர்.

அம்பை அண்ணாச்சி: எனக்கு சுகர். அல்வா பேச்சே எடுக்காதீர்கள்.

வீரவநல்லூரான்: மன்னிக்கவும், கனடாவில் ஒன்டாரியோ மாகாணம், பிராம்டன். மகளுக்கு இரண்டு வயது. நண்பர் காரில் அழைத்துவரப் போகிறேன்.

தென்காசி அக்கா: இதை அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! கட்டிலும் சோபாவும் இருக்கட்டும், குழந்தைக்குக் கார் சீட் வாங்கு. நண்பர் காரில் அது இல்லாமல் ஏற்றக்கூடாது. ஊரிலிருந்து கொண்டுவராதே, கனடா பாதுகாப்பு முத்திரை உள்ளதுதான் செல்லும். பழையது வாங்கினால் காலாவதித் தேதியைப் பார்.

பாளை மாப்பிள்ளை: மிக்ஸி வேண்டாம். நம் ஊரில் 230 வோல்ட், இங்கே 120. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் காசுக்கு இந்தியக் கடையில் இங்கே ஓடுகிற மிக்ஸி கிடைக்கும். குக்கர் வரட்டும், கேஸ்கட் இரண்டு கூடுதலாக. இன்னொன்று, தூத்துக்குடி விமானம் கனடா டிக்கெட்டோடு சேராத தனி டிக்கெட் என்றால் பொதுவாக 15 கிலோதான் விடுவார்கள். பெட்டிகளோடு நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை வரச் சொல்லுங்கள்.

கடையம்: வீட்டுக்காரர் எவ்வளவு அட்வான்ஸ் கேட்டார்? ஒன்டாரியோவில் ஒரு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக்கூடாது.

வீரவநல்லூரான்: மூன்று மாதம் கேட்டார், கொடுத்துவிட்டேன். காசு குறைந்ததே அதனால்தான்.

கடையம்: அடப்பாவி. ரசீது இருக்கிறதா? முதலில் அதைத் தேடி எடு, அப்புறம் பேசுவோம்.

வீரவநல்லூரான்: இருக்கிறது. மிக்ஸியை இறக்கிவிட்டாளாம். அந்த இடத்தில் இரண்டாவது பாய் ஏறியிருக்கிறது.