சோழி அடுக்கிக் கிரகணம் கணித்தவர்

காரைக்குடியில் பழைய சாமான் கடைகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஒன்றைத் தேடிப் போனால் இன்னொன்றோடுதான் திரும்புவோம். நான் பித்தளைத் தாழ்ப்பாளுக்குப் போய் ஒரு பை சோழியோடு வந்தேன். அப்பத்தா பார்த்துவிட்டு, "சோழிக்குப் போயி யாராச்சும் காசு கொடுப்பாகளா?" என்றார்.

வாங்கியதற்குக் காரணம் இருந்தது. ஜான் வாரன் என்று ஒருவர், கோலாரில் தங்கம் தேடிப் போனாரே அவரேதான், 1825-இல் நம் பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றி 'கால சங்கலிதா' என்ற புத்தகம் போட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாய்பாட்டைச் சொல்லிக்கொண்டே அந்த வருஷச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் எழுதியிருக்கிறார். கிரகணம் ஏன் வருகிறது என்ற தத்துவமெல்லாம் அந்த மனிதருக்குத் தெரியாதாம். ஆனால் தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம்தான்! நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் தவறியது, சரி, காகிதமே தொடாத கணக்குக்கு அது போதாதா? 1952-இல் நியூகெபவர் என்ற வரலாற்றாசிரியர் இதை எடுத்து அலசி, இந்தக் கணக்குமுறையின் வேர் பாபிலோன் வரை போகிறது என்றார். கணித்தவர் பெயரைத்தான் யாரும் சொல்வதில்லை. வாரன் காதில் விழுந்தபடி 'சாமி நாடன் சாஷியா', சாமிநாத சேஷய்யாவோ என்னவோ.

எண்களை அவர்கள் சொல்லுக்குள் ஒளித்து வைத்திருந்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'தேவரம்' என்றால் 248: தே 8, வ 4, ர 2, வலமிருந்து வாசிக்க வேண்டும். நிலா பூமியை நெருங்கி விலகும் சுற்று ஒன்பது முறை முடிய ஏறக்குறைய 248 நாள் ஆகிறது. அதே கணக்கில் வரும் இன்னொரு எண் 'கலனிலம்', அதாவது 3031.

2018 ஜூலை 27 கிரகணத்தன்று பகலில் வளவில் உட்கார்ந்து நானும் இறங்கினேன். கலியுகம் தொடங்கியதிலிருந்து அன்றுவரை எண்ணினால் நாள்கணக்கு 18 லட்சத்து 69 ஆயிரத்துச் சொச்சம். ஒற்றைக்கு ஒரு குவியல், பத்துக்கு ஒரு குவியல் என்று ஏழு குவியல். அந்த முறைப்படி அதில் 16,00,984 கழித்து, மிச்சத்தை 12,372-ஆல் வகுத்து, அப்புறம் 3031-ஆல் வகுத்து, தேவரத்துக்கு வருவதற்குள் அக்கா மகள் தாயம் விளையாட ஆறு சோழியை அள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள். எந்தக் குவியலில் எடுத்தாள் என்று அவளுக்கும் தெரியவில்லை.

"எத்தனை மணிக்குப் பிடிக்குதாம்?" என்று அப்பத்தா கேட்டார்.

"ராத்திரி 11.54 அப்பத்தா, பேப்பர்ல போட்டிருக்கு."