ஊரணித் தெரு உறவுகள்: சனிக்கிழமை இரவு

மேலூர் அத்தை: நாளைக்குச் சாமி கும்பிட வருகிறவர்கள் 300 பேருக்குக் குறைய மாட்டார்கள். தெருக்குழாய்த் தண்ணீரில் பாசி வாடை அடிக்கிறது. தொட்டிக்கு மருந்து போட்டாயிற்றா?

சிம்மக்கல் மாமா: பிளீச்சிங் பவுடர் மூட்டை மண்டபத்தில் இருக்கிறது. எத்தனை கை அள்ளிப் போடுவது என்று சொன்னால் நானே ஏறுகிறேன்.

வாத்தியார் பெரியப்பா: கையால் அள்ளுகிற பேச்சே வேண்டாம். மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் கொள்ளும் என்றாலும், மாலையில் நான் பார்த்தபோது தண்ணீர் பாதியில்தான் நின்றது. ஆகவே 15,000 லிட்டருக்குத்தான் கணக்கு. லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 30 கிராம் ஆகிறது. பிளீச்சிங் பவுடர் முழுவதும் குளோரின் அன்று. புது மூட்டையில் நூற்றுக்கு 33 பங்கு இருக்கும் என்பதால் ஏறக்குறைய 90 கிராம் போதும்.

சிம்மக்கல் மாமா: போன வருடம் முழுத் தொட்டிக் கணக்கைப் பாதித் தொட்டிக்குச் சொன்னதும் இதே வாத்தியார்தான். பானகத்தில் ஏலக்காயை மிஞ்சி மருந்து மணந்தது.

மேலூர் அத்தை: அதை இப்போது கிளற வேண்டாம். மூட்டை சித்திரைத் திருவிழாவுக்கு முன்பே பிரித்தது. வாய் கட்டாமல் கிடந்து கட்டி தட்டியிருக்கிறது.

வாத்தியார் பெரியப்பா: காற்றும் ஈரமும் பட்டால் வீரியம் இறங்கிவிடும். 20 பங்குதான் மிச்சம் என்றால் 150 கிராம் வேண்டும். அதை முகர்ந்து பார்த்துச் சொல்ல முடியாது. எனவே முதலில் 90 கிராமை நிறுத்து, பிளாஸ்டிக் வாளியில் குழைத்துத் தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் வால்வைத் திறக்க வேண்டாம். பிறகு கடைசி வீட்டுக் குழாயில் பிடித்து, தொட்டி ஆபரேட்டரிடம் உள்ள குளோரின் சோதனைப் பெட்டியில் சோதிக்க வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின்கூடத் தேறவில்லை என்றால் இன்னும் 30 கிராம் சேர்க்கலாம்.

அபுதாபி தம்பி: கேன் தண்ணீர் வாங்கிவிட்டால் இத்தனை கணக்கு எதற்கு, பெரியப்பா?

மேலூர் அத்தை: தலைக்கட்டு வரியே உன் பேரில் இரண்டு வருடம் பாக்கி. கேனுக்கு நீ பணம் அனுப்புகிறாயாக்கும்!

சிம்மக்கல் மாமா: தொட்டி ஏணியின் சாவி பெரிய வீட்டில் இருக்கிறது. அந்த வாசலை நான் மிதிக்க மாட்டேன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மேலூர் அத்தை: சாவியை நான் வாங்கி என் வீட்டுத் திண்ணையில் வைக்கிறேன். எடுத்துக்கொள்வது உங்கள் பாடு.

வாத்தியார் பெரியப்பா: விடிகாலையில் யாராவது மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டால் 90 கிராம் போதாமல் 180 தேவையாகிவிடும். மோட்டார் போடுவதா வேண்டாமா என்று ஒருவராவது சொல்லுங்கள்.