கராஜ் தம்பிமாருக்கு வெளியாளைக் கூப்பிடுவதா, நாங்களே பழக்குவதா?

அண்ணாமார், அக்காமார், வணக்கம். கோண்டாவிலில் சின்னக் கராஜ் நடத்துகிறேன். வேலைக்கு 9 பேர். இப்போது பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் வாகனங்கள்தான் அதிகம் வருகின்றன. அவற்றின் பெரிய பற்றரியில் 200 வோல்ட் அளவுக்கு மின்சாரம் இருக்கும். பற்றரியின் இணைப்பைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் மிச்ச மின்சாரம் வடியும்வரை பொறுக்க வேண்டும். போன மாதம் ஒரு தம்பி கையுறை போடாமலே பற்றரி மூடியைத் திறந்துவிட்டான். கடவுள் காப்பாற்றினார். அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை.

கொழும்பிலிருந்து ஒருவர் வந்து 2 நாள் படிப்பிக்கத் தயார். ஆனால் அவர் போன பிறகு சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? எங்கள் மூத்த பாஸுக்கு (தலைமை மெக்கானிக்) 30 வருட அனுபவம். ஆனாலும் ஹைபிரிட்டை அவரும் பார்த்துப் பார்த்துப் பழகியவர்தான். அவரிடம் விட்டால் அவருடைய பிழைகளும் சேர்ந்தே இறங்கும்.

மின்பாதுகாப்பை மட்டும் வெளியாளிடம் விட்டு, மிச்சத்தை பாஸ் பழக்குவது சரி என்று படுகிறது. இல்லையென்றால் ஒருவரைக் கிளிநொச்சி ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகத்துக்கு அனுப்பி, அவரைக் கொண்டு மற்றவர்களைப் பழக்கலாமா? படித்துவிட்டு வேறிடம் போய்விடுவாரோ என்ற பயமும் இருக்கிறது.

இப்படிச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். வேலை அனுபவத்தை வைத்து என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் எடுத்தவர்கள், எவ்வளவு காலம் பிடித்தது என்றும் சொல்லுங்கள்.