மறு: ‘கன்டென்ட் ஃபர்ஸ்ட் டிசைன்’ – தமிழ்ச்சொல் பரிந்துரை

குழுவினருக்கு வணக்கம்.

‘கன்டென்ட் ஃபர்ஸ்ட் டிசைன்’, அதாவது இணையப் பக்கத்தின் உள்ளடக்கத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு அதன்பின் தோற்றத்தை வடிவமைக்கும் முறை, என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இவ்விழையில் இதுவரை வந்த பரிந்துரைகளுள் ‘உள்ளடக்க முதன்மை வடிவமைப்பு’ என்பதற்கே ஆதரவு மிகுதி. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதன்மை என்பது சிறப்பைக் குறிக்கும் சொல். இங்கே பேசப்படுவதோ வேலையின் வரிசை. படத்தைவிட எழுத்து உயர்ந்தது என்பது இக்கருத்தின் சாரமன்று. பக்கத்தில் என்ன சொல்லப்போகிறோம் என்பது தெளியாத நிலையில் நிறத்துக்கும் படத்துக்கும் ஒப்புதல் வாங்காதீர்கள் என்பதே அதன் கோரிக்கை.

பிரித்தானிய அரசின் கவ்.யூகே தளத்தை எடுத்துக்கொள்வோம். டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்னும் இரு தளங்களுக்கு மாற்றாக 2012 அக்டோபரில் வந்தது அது. அதன் வங்கி விடுமுறைப் (அந்நாட்டுப் பொது விடுமுறை) பக்கத்தைத் திறந்தால், அடுத்த விடுமுறை எந்த நாள் என்பது பெரிய எழுத்தில் முதலில் நிற்கும்; முழுப் பட்டியல் அதற்குக் கீழேதான். வருபவர் எதைக் கேட்டு வருகிறார் என்று தீர்ந்த பிறகே அப்படியோர் இடத்தை ஒதுக்க முடியும். லோரம் இப்சம் என்னும் பொருளற்ற மாதிரி எழுத்தால் நிரப்பிய வெற்றுச் சட்டகத்தில் அது தோன்றாது.

செயலிகளுக்கும் தளங்களுக்கும் தமிழ் இடைமுகம் (பயனர் காணும் திரை) செய்வோருக்கு இந்த வரிசை இன்னும் நெருக்கமான சிக்கல். ‘Pay’ என்ற ஆங்கில மூன்றெழுத்துச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் ‘கட்டணம் செலுத்துக’ இரண்டு வரியாக மடியும்; வரியிடைவெளியை ரோமன் எழுத்துக்குப் பொருத்தியிருந்தால் ‘தீ’யின் மேல்விலங்குச்சுழியோ ‘சூ’வின் அடிப்பகுதியோ வெட்டுப்படும். சந்தைப்படுத்தலிலும் இதே கதைதான்: தள்ளுபடி எந்த நாள்வரை என்ற விவரம் வருமுன்பே பதாகை முடிந்துவிட்டால், அந்த நாள் உடுக்குறிக்குப் (*) பின்னால் பொடியெழுத்தில் போய் ஒண்டிக்கொள்ளும். (சில நிறுவனங்களுக்கு அதுவே வசதி என்பது வேறு செய்தி.)

மற்றப் பரிந்துரைகளில் ‘பொருள்முதல் வடிவமைப்பு’ செவிக்கு இனியது. ஆனால் படிப்பவர் மனம் நேரே பொருள்முதல்வாதம் (மெட்டீரியலிசம்) என்னும் தத்துவத்துக்குப் போய்விடும். ‘உள்ளடக்கமுன்’ என்பது உள்ளடக்கத்துக்கு முன் என நேர்மாறாகப் பொருள்படலாம். ‘உள்ளடக்கம் முந்திய வடிவமைப்பு’ என்பதிலும் எது எதை முந்தியது என்ற மயக்கம் உண்டு.

ஆகவே ‘முந்துள்ளடக்க வடிவமைப்பு’ என்பதை முன்வைக்கிறேன். தொல்காப்பியப் பாயிரத்தின் ‘முந்துநூல்’ (முன்னே தோன்றிய நூல்) போல, முந்தி நிற்பது எது என்பதை இச்சொல்லின் கட்டமைப்பே காட்டிவிடுகிறது. நாவுக்குச் சற்றுக் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்றாடப் பேச்சில் ‘உள்ளடக்கம் முந்தி’ என்று சொல்லிக்கொள்ளலாம். கைபேசித் திரைக்கே முதலில் வடிவமைக்கும் ‘மொபைல் ஃபர்ஸ்ட்’ என்பதற்கு இவ்வாய்பாடு பொருந்தாது. ‘முந்துகைபேசி’ என்றால் பழைய கைபேசி என்றாகிவிடும். அதைத் தனி இழையில் பார்ப்போம்.