எஸ்எஸ்டிக்குள் ஓடும் நிரல் அடுத்தவர் கோப்பின் வரிகளைத் தருகிறது: ஓட்டை எங்கே?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. தரவை ப்ராசஸருக்கு இழுத்து வராமல், எஸ்எஸ்டிக்குள்ளேயே பயனரின் நிரலை ஓட்டுவது பற்றி முதுநிலைத் திட்டம் செய்கிறேன். உண்மையான சாதனம் கையில் இல்லை. க்யூஎமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருளின் என்விஎம்இ (எஸ்எஸ்டியோடு கணினி பேசும் நெறிமுறை) எமுலேட்டருக்குள், இபிபிஎஃப் என்ற சிறு நிரல் வடிவத்தை இயக்கும் யூபிபிஎஃப்பைச் சேர்த்து ஓட்டுகிறேன். 2024 ஜனவரியில் வந்த என்விஎம்இ விவரக்குறிப்பின் போக்குதான்: நிரலை ஏற்று, வட்டிலிருந்து சாதனத்தின் உள் நினைவகத்துக்கு (எஸ்எல்எம்) தரவை நகலெடு, பிறகு இயக்கு.

பயனர் பக்கத்தில் ஒரு லைப்ரரி எழுதியிருக்கிறேன். அது ஃபைமேப் என்ற லினக்ஸ் அழைப்பு மூலம் வட்டில் கோப்பின் இருப்பிடத்தைக் கேட்டு, எல்பிஏ (வட்டின் பிளாக் எண்) பட்டியலாக மாற்றிச் சாதனத்துக்கு அனுப்பும்.

சிக்கல் இதுதான். 64 எம்பி லாக் கோப்பு ஒன்றில் பிழை வரிகளைத் தேடுகிறேன். ஹோஸ்ட் கணினியில் க்ரெப் (வரிகளைத் தேடும் கட்டளை) போட்டால் 212 வரிகள். சாதனத்தில் அதே தேடலுக்கு 219. கூடுதலாக வந்த 7 வரிகளைப் படித்துப் பார்த்ததும் பயந்துவிட்டேன். அவை வேறொரு சோதனைப் பயனரின் கோப்பிலிருந்தவை. அந்தக் கோப்பின் அனுமதி 600, அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கலாம். போன வாரமே அதை அழித்தும்விட்டேன்.

எஃப்சிங்க் செய்து தரவை வட்டில் எழுத வைத்தேன், பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தையும் கூட்டிவிட்டேன். இரண்டு நாளாக நிரலின் லூப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், தவறு தெரியவில்லை.

பதில் 1

நிரலை விடுங்கள், அதில் தவறு இருக்காது. அந்த லாக் கோப்பின் மேல் ஃபைல்ஃப்ராக் கட்டளையை (கோப்பு வட்டில் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும்) -v உடன் ஓட்டி, கடைசிப் பத்தியில் என்ன வருகிறது என்று சொல்லுங்கள். லாக் எழுதும் மென்பொருள் முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கிறதா?

கேட்டவர்

ஆமாம், ஃபாலோகேட் மூலம் முதலிலேயே 64 எம்பி பிடிக்கிறது. ஃபைல்ஃப்ராக் இரண்டு எக்ஸ்டென்ட் (தொடர்ச்சியான பிளாக்குகளின் தொகுதி) காட்டுகிறது. 0 முதல் 10495 வரையான பிளாக்குகளுக்கு எந்தக் குறியும் இல்லை. 10496 முதல் 16383 வரை "அன்ரிட்டன்" என்று வருகிறது.

பதில் 1

அதேதான். முதல் 41 எம்பி மட்டுமே எழுதப்பட்டது. மீதி 23 எம்பிக்கு இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் இடம் ஒதுக்கியதே தவிர, அதைத் துடைக்கவில்லை. துடைக்க வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. யாராவது ரீட் கேட்டால் "இது எழுதப்படாத பகுதி" என்று பார்த்து, வட்டைத் தொடாமலேயே சுழியங்களைக் கொடுத்துவிடும். க்ரெப்புக்கு அந்தச் சுழியங்கள்தான் கிடைத்தன. உங்கள் சாதனமோ நேராக அந்த பிளாக்குகளுக்குப் போய், அங்கே முன்பு குடியிருந்த கோப்பின் மிச்சத்தைப் படித்துவிட்டது.

ஃபைமேப் பதிலில் அன்ரிட்டன் கொடி உள்ள எக்ஸ்டென்ட்களைத் தவிர்த்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், 212 வரும்.

பதில் 2

212 வரும், சரி. ஆனால் தயவுசெய்து அதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தத் தவிர்ப்பை உங்கள் லைப்ரரி செய்கிறது, லைப்ரரியோ பயனரின் கையில் இருக்கிறது. கெட்ட எண்ணம் உள்ள பயனர் லைப்ரரியை ஓரம் தள்ளிவிட்டு, தனக்கு வேண்டிய எல்பிஏவைத் தானே எழுதி அனுப்பினால் என்ன ஆகும்? சாதனத்துக்குக் கோப்பும் தெரியாது, உரிமையாளரும் தெரியாது, 600ம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பிளாக் எண் மட்டும்தான். நீங்கள் இதைக் கண்டுபிடித்தது பெரிய விஷயம். பாதியில் விட்டால் அந்த உழைப்பு வீண்.

பயனரிடமிருந்து எல்பிஏவை வாங்கவே வாங்காதீர்கள். திறந்த கோப்பின் டிஸ்க்ரிப்டரை (கோப்பைத் திறந்ததும் கிடைக்கும் எண்) மட்டும் வாங்குங்கள். படிக்கும் உரிமை இருக்கிறதா என்று கர்னல் (இயக்க முறைமையின் மையப் பகுதி) பார்க்கட்டும், இருப்பிடத்தையும் அதுவே கண்டுபிடிக்கட்டும், எஸ்எல்எம்முக்கு நகலெடுக்கும் கட்டளையையும் அதுவே அனுப்பட்டும். விவரக்குறிப்பு இதற்கு நன்றாக ஒத்துழைக்கிறது. அதன்படி நிரல் வட்டை நேராகத் தொட முடியாது. இயக்கும்போது கொடுக்கும் நினைவக எல்லைத் தொகுப்புக்குள் இருப்பதை மட்டுமே தொடலாம். அந்தத் தொகுப்பை உருவாக்கும் அதிகாரமும் கர்னலிடமே இருக்கட்டும்.

அப்புறம், ஒரு பயனரின் வேலை முடிந்ததும் எஸ்எல்எம்மைச் சுழியாக்குகிறீர்களா? இல்லையென்றால் இதே கதை அங்கேயும் நடக்கும்.

பதில் 3

ஒன்று கேட்க வேண்டும்: யூபிபிஎஃப்பை இன்டர்ப்ரெட்டராக (ஒவ்வொரு கட்டளையாகப் படித்து இயக்குவது) ஓட்டுகிறீர்களா, ஜிட்டாகவா (இயந்திரக் குறியீடாக மாற்றி இயக்குவது)? நினைவக எல்லை மீறலைப் பிடிக்கும் சோதனை இன்டர்ப்ரெட்டரில்தான் இருக்கிறது, ஜிட் உருவாக்கும் குறியீட்டில் கிடையாது. லினக்ஸ் கர்னலின் வெரிஃபையர் போல ஒவ்வொரு பாய்ன்டரையும் பின்தொடரும் சோதனையும் யூபிபிஎஃப் நிரலை ஏற்றும்போது நடப்பதில்லை. ஜிட் வேண்டுமென்றால் முன்னால் ப்ரிவெயில் என்ற தனி வெரிஃபையரை வையுங்கள். இல்லாவிட்டால் இன்டர்ப்ரெட்டரிலேயே இருந்து, இன்ஸ்ட்ரக்ஷன் உச்சவரம்பையும் போடுங்கள். முடிவில்லாத லூப் ஒன்று வந்தால் சாதனம் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் முடங்கும்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. அன்ரிட்டனைத் தவிர்த்ததும் 212 வந்தது. எஸ்எல்எம்மையும் சோதித்தேன்: ஒரு பயனர் நினைவகம் முழுக்க ஒரே எழுத்தை நிரப்பிவிட்டு வெளியேற, அடுத்தவரின் நிரலுக்கு அது அப்படியே தெரிந்தது. இப்போது துடைக்கிறேன். ஜிட்டைக் கைவிட்டேன். நகலெடுப்பதைக் கர்னல் மாட்யூலுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். இருப்பிடத்தைக் கேட்டதற்கும் நகலெடுப்பதற்கும் நடுவில் கோப்பை யாராவது ட்ரன்கேட் செய்து (வெட்டிச் சுருக்கி), அந்த பிளாக்குகள் வேறு கோப்புக்குப் போய்விட்டால்?

பதில் 2

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். 2022ல் வந்த எக்ஸ்ஆர்பி ஆய்விலும் இதே சிக்கல் இருந்தது. என்விஎம்இ டிரைவருக்குள் இபிபிஎஃப் ஓட்டியவர்கள் எக்ஸ்டென்ட் விவரத்தின் நகலை டிரைவரிடம் கொடுத்து, அது மாறியிருந்தால் கோரிக்கையைத் தோல்வியாக்கினார்கள். உங்கள் வழி இன்னும் எளிது. இருப்பிடம் கேட்பது முதல் நகல் முடிவது வரை ஐநோட் பூட்டை (கர்னல் அந்தக் கோப்பின் மேல் போடும் பூட்டு) கையில் வைத்திருங்கள். நிரல் ஓடும் நேரம் முழுக்க வைத்திருக்கத் தேவையில்லை, நகல் எஸ்எல்எம்முக்கு வந்துவிட்டால் வட்டில் என்ன மாறினாலும் நிரலுக்குத் தெரியப்போவதில்லை. மாட்யூலை முடித்ததும், ஒரு த்ரெட் ட்ரன்கேட் செய்துகொண்டே இருக்க இன்னொன்று தேடும்படி ஓர் இரவு ஓட விடுங்கள். காலையில் அந்நிய வரி ஒன்று வந்திருந்தாலும் இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.