பைபர் போனால் 4ஜிக்கு மாறவில்லை: உபுண்டு சேர்வர்

வெள்ளவத்தையில் ஒரு டியூட்டரிக்கு உபுண்டு 24.04 சேர்வர்தான் கேட்வே (எல்லாக் கணினிகளும் இணையத்துக்குப் போகும் வாசல்). நெட்பிளானில் (உபுண்டுவின் நெட்வேர்க் அமைப்புக் கோப்பு) பைபர் ரவுட்டருக்கு மெட்ரிக் 100, 4ஜி டொங்கிளுக்கு 700; மெட்ரிக் குறைந்த ரூட்டுக்கே (பாதைக்கே) முன்னுரிமை. லேன் கேபிளைக் கழற்றினால் உடனே டொங்கிளுக்குப் போகுது. வெளியே பைபர் அறுந்தால் மாறுதே இல்லை. ரவுட்டர் உயிரோடு இருப்பதால் போர்ட் லைட் எரியுது; ரூட் பட்டியலில் 100தான் மேலே நிற்குது.

இப்போது நெட்வேர்க்கை நடத்தும் சிஸ்டம்டி-நெட்வேர்க்டி, போர்ட் இணைப்பைத்தான் பார்க்கும், அதற்கு அப்பால் இணையம் இருக்கா என்று பார்க்காது. அதே வேலையைச் செய்யும் நெட்வேர்க்மேனேஜர் பார்க்கும், சோதனை தோற்றால் மெட்ரிக்கோடு 20000 கூட்டிவிடும். நெட்பிளானின் ரெண்டரரை (எது நெட்வேர்க்கை நடத்தணும் என்ற அமைப்பை) அதற்கு மாற்றுவதா, இல்லை ஒவ்வொரு இன்டர்பேஸாலும் தனியா பிங் அடித்து ரூட்டை மாற்றும் ஸ்கிரிப்டா?

இன்னொன்று: கையால் ரூட்டை மாற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும் ஜூம் வகுப்பு தொங்குது. இன்டர்பேஸ் விழாததால் பழைய நாட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் முறை) பதிவுகள் அப்படியே கிடக்குது என்று நினைக்கிறேன். அந்தப் பதிவுகள் இருக்கும் கான்ட்ராக் பட்டியலை முழுக்கத் துடைக்காமல், பைபர் பக்கத்துப் பதிவுகளை மட்டும் நீக்குபவர்கள் கட்டளையோடு சொல்லுங்கோ. பிள்ளைகளின் வகுப்பு இடையில் நிற்கக்கூடாது.